வெயிலுக்கு எதிரே ஓர் இலை

கேமரா கைக்கு வந்ததும் கிடைக்கும் முதல் உபதேசம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடு என்பது. முகங்களை எடுக்க அது உதவும். இலைகளை எடுக்க உதவாது. காலை ஏழரை மணிக்கு ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்றால், இலைமேல் வெளிறிய மினுமினுப்பு மட்டும் தெரியும். அப்படியே மரத்தைச் சுற்றிப்போய், இலை உங்களுக்கும் வெயிலுக்கும் நடுவில் வரும்படி நில்லுங்கள். கரும்பச்சை கிளிப்பச்சையாகிவிடும். நரம்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இலையின் மறுபக்கம் ஊரும் எறும்பின் நிழல்கூட இந்தப் பக்கம் தெரியும்.

காரணம் எளியது. இலையின் மேல்தோலில் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு. முன்பக்கமிருந்து விழும் ஒளியில் ஒரு பங்கு, இலைக்குள் நுழையாமலே அந்த மெழுகில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அது சுமந்து வருவது வானத்தின் வெளுப்பை. இலையின் நிறத்தை அல்ல. பின்னொளியிலோ நம்மை வந்து சேர்வதில் பெரும்பகுதி இலையைக் கடந்து வந்த ஒளி. உள்ளே இருக்கும் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் பெருமளவு உறிஞ்சிக்கொண்டு, பச்சையிலும் அதையொட்டிய மஞ்சளிலும் ஒரு பகுதியை வெளியே விடுகிறது. பின்னொளியில் இலை ஒரு வண்ணக் கண்ணாடிபோல வேலை செய்கிறது.

மாந்தளிரையும் அரசந்தளிரையும் இப்படிப் பார்த்தால் செம்பு நிறத்தில் ஒளிரும். இளந்தளிரில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி பச்சை ஒளியை உறிஞ்சிவிடுவதே அதற்குக் காரணம். நடுநரம்பு தடித்திருப்பதால் இருண்டு தெரியும். ஆனால் சில செடிகளில் சிறு நரம்புகளை ஒட்டிய செல்களில் பச்சையம் இருக்காது. அந்த நரம்புகள் இலையைவிடப் பிரகாசமான வலையாகத் தெரியும். தினைக்கதிரிலும், காங்கேயம் பக்கத்துக் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வளரும் கொழுக்கட்டைப் புல்லின் கதிரிலும் உள்ள மயிர்கள் ஒளியைச் சிதறடித்து, ஓரமெல்லாம் வெள்ளிக் கோடு வரைந்துகொள்ளும்.

ஒளிப்படக் கலைக்கு இது புதிய விஷயம் அல்ல. 1830-களில் இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், ரசாயனம் பூசிய தாளில் இலைகளை வைத்து வெயிலில் காட்டினார். இலை வழியே கசிந்த வெயில் நரம்புகளைத் தாளில் பதித்தது. அந்த நாட்டின் அன்னா அட்கின்ஸ் 1843-ல் கடற்பாசிகளை இதே வழியில் நீலத்தாளில் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூலாக அதைச் சொல்வார்கள்.

இனி நம் முறை. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நாலரைக்குப் பின்பும் வெயில் சாய்ந்திருக்கும், நின்றபடியே எடுக்கலாம். உச்சி வெயிலையும் வீணாக்க வேண்டாம். மரத்தடியில் படுத்து அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே அத்தனை இலைகளும் பின்னொளியில்தான் இருக்கின்றன. லென்ஸ் வழியாகச் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் கெடும். ஒரு தண்டுக்குப் பின்னால் அதை மறைத்துவிடுங்கள். லென்ஸில் கைரேகை இருந்தால் எதிர்வெயிலில் படம் முழுக்கப் புகைமூட்டம் பரவும். துடைத்துவிட்டு, ஹூட் இல்லையென்றால் உள்ளங்கையால் லென்ஸுக்கு நிழல் கொடுங்கள்.

இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது முக்கியம். வெளுத்த வானம் இருந்தால் இலையின் ஒளி எடுபடாது. நிழலில் இருக்கும் அடிமரமோ புதரோ இருந்தால் விளக்கேற்றியதுபோல் நிற்கும். கேமராவின் ஒளிமானியோ எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வானம் என்றால் இலையைக் கருக்கிவிடும். பின்னால் இருட்டு என்றால் இலையை வெளுக்க வைத்துவிடும். அதனால் இலையை மட்டும் அளந்து எடுங்கள். செல்போனில் இலைமேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுத்தால் போதும். காற்றில் ஆடும் இலைக்கு 1/500 நொடி வேகம் வேண்டியிருக்கும்.

முடிந்தால் ரா கோப்பாகவே எடுங்கள். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் வைக்கிறது. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். திருத்தும்போது இந்த இடைவெளிதான் கைகொடுக்கும். ஆனாலும் ஒரு எல்லை உண்டு. வெளிச்சம் மிஞ்சினால் பச்சைதான் முதலில் நிரம்பி வழியும். நரம்பே இல்லாத மஞ்சள் திட்டு மிஞ்சும். அதை ரா கோப்பாலும் முழுதாக மீட்க முடியாது.

திருத்தத்தில் முதல் வேலை ஒயிட் பேலன்ஸ். படம் முழுக்கப் பச்சையாக இருந்தால், தானியங்கி முறை அதைக் கோளாறு என்று எண்ணி மெஜந்தாவைக் கலந்துவிடக்கூடும். வெயில் அளவான சுமார் 5500 கெல்வினுக்குக் கொண்டுவந்துவிட்டு, அங்கிருந்து கண்ணுக்குச் சரியாகப் படும்வரை நகர்த்துங்கள். அடுத்து ஹைலைட்ஸைக் குறைத்தால் நரம்புகள் தெளியும்; பிளாக்ஸைச் சற்று இறக்கினால் எதிர்வெயில் பூசிய மூட்டம் விலகும்.

நிறத்தில்தான் பலர் சறுக்குவார்கள். லைட்ரூம் போன்ற செயலிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் உண்டு. இலைதானே என்று பச்சையை நகர்த்துவோம்; பெரிதாக ஒன்றும் நடக்காது. எரிச்சலில் மொத்த சாச்சுரேஷனையும் ஏற்றுவோம். இலை பிளாஸ்டிக் தோரணமாகிவிடும். நாம் கிளிப்பச்சை என்று சொல்வதில் பெரும்பகுதியைச் செயலி மஞ்சள் கணக்கில்தான் எழுதுகிறது. ஆகவே மஞ்சள் ஸ்லைடரைப் பிடியுங்கள். அதன் சாயலைச் சில புள்ளிகள் பச்சைப் பக்கம் தள்ளி, அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இலை அடர்த்தியாகும். இன்னும் வேண்டுமென்றால் வைப்ரன்ஸ் போதும். ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை அது அதிகம் சீண்டாது.

நிறத்தை உண்டாக்கும் வேலையை வெயிலும் இலையும் முன்பே முடித்துவிட்டன. கேமரா கலந்த பிசகை நீக்குவது மட்டும்தான் நம் பங்கு. திருத்திய படத்தை அன்றே யாருக்கும் அனுப்பாதீர்கள். மறுநாள் காலை அதே நேரத்துக்கு அதே செடியிடம் போய், போனை இலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். போனில் இருக்கும் பச்சை செடியின் பச்சையை முந்தியிருந்தால், ஸ்லைடரைப் பின்னால் இழுங்கள்.