ஆய்லரின் பத்திலக்கப் பகா எண்

இரண்டை முப்பத்தொரு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கிவரும் தொகையிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் 2,14,74,83,647 என்னும் எண், தன்னையும் ஒன்றையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத பகா எண்களுள் ஒன்று. இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைந்த இத்தகைய பகா எண்கள், 17ஆம் நூற்றாண்டில் அவற்றை ஆராய்ந்த பிரெஞ்சுத் துறவி மெர்சென்னின் பெயரால் வழங்குகின்றன. அவ்வரிசையில் இது எட்டாவது.

இது பகா எண்தான் என்பதை 1772இல் நிறுவியவர் லெயோனார்டு ஆய்லர். ஓர் எண்ணை அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பது பள்ளிப் பாடமே. ஆனால் இங்கே வர்க்கமூலம் 46,340ஐத் தாண்டுவதால், அவ்வழி 4,700க்கும் மேற்பட்ட வகுத்தல்களைக் கேட்கும். அப்போது ஏறக்குறைய முழுவதும் பார்வையிழந்திருந்த ஆய்லர், இவ்வெண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால் அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மட்டுமே மீதியாக வரும் என்று கண்டார். அந்தச் சல்லடையில் தங்கிய பகா எண்கள் நூற்றுக்கும் குறைவு. அவற்றுள் ஒன்றாலும் இது வகுபடவில்லை. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அறியப்பட்ட பகா எண்களில் மிகப் பெரியது இதுவே.

தன்னை நீக்கிய பிற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமாகும் எண் நிறைவெண் எனப்படும். 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6 அதற்கு எளிய சான்று. ஆய்லரின் எண்ணை இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் ஒன்று பிறக்கும். ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811இல், இவை வியப்புக்குரியவையே அன்றிப் பயனுடையவை அல்ல என்பதால் இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் தேடப்போவதில்லை என்று எழுதினார். இரண்டின் 127ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துவரும் எண்ணும் பகா எண்ணே என 1876இல் எதுவார் லூக்கா காட்டியதும், அதிலிருந்து இன்னும் பெரிய நிறைவெண் கிடைத்து, அக்கணிப்பு பொய்த்தது.

நிறைவெண்கள் பயனற்றவை என்றார் பார்லோ; ஆனால் அவற்றுள் ஒன்றைப் பிறப்பித்த ஆய்லரின் எண்ணுக்குக் கணினி பயன் தந்தது. சமவாய்ப்பு எண்கள்போல் தோன்றுபவற்றை உருவாக்க, கையிலுள்ள எண்ணை 16,807ஆல் பெருக்கி, ஆய்லரின் எண்ணால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளும் முறையைக் கணினி அறிஞர்கள் பார்க், மில்லர் இருவரும் 1988இல் பரிந்துரைத்தனர். வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதாலேயே, பொருத்தமான பெருக்கியைக் கொண்டு 1 முதல் 2,14,74,83,646 வரை ஒன்றுவிடாமல் வந்த பிறகே வரிசை திரும்பத் தொடங்குகிறது.

கணினியில் இவ்வெண் பெற்ற மற்றொரு புகழுக்கும் அதன் பகாத்தன்மைக்கும் தொடர்பில்லை; இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பிழை. 32 பிட்டுகளில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கினால், எஞ்சிய 31 பிட்டுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் இது, அவ்வளவே. 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை அவ்வாறு எண்ணிவரும் பழைய கணினிகளில், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு இவ்வெல்லை எட்டப்படும். மாற்றியமைக்கப்படாதவற்றில் அடுத்த நொடியே கடிகாரம் 1901ஆம் ஆண்டுக்குப் பின்வாங்கும்.