பழைய கிடார் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் தாங்கும்?

கடலூர், சிதம்பரம் பக்கத்து மைக் செட் கடைகளிலும், ஒரு காலத்தில் மெல்லிசைக் குழு நடத்தியவர்களின் வீட்டுப் பரண்களிலும் பழைய கிடார் ஆம்ப்ளிஃபையர் ஸ்பீக்கர்கள் கிடைப்பதுண்டு. கம்ப்யூட்டரில் கிடார் பதிவு செய்யும் இளைஞர்கள் ஆசையாக வாங்கி வருகிறார்கள். ஆனால் லேபிள் உதிர்ந்திருக்கும். எத்தனை வாட்ஸ் என எப்படி அறிவது?

முதலில் உலோகச் சட்டத்தின் ஓரத்தில் எண் உள்ளதா எனப் பாருங்கள். அமெரிக்க ஸ்பீக்கர் எனில் 220 எனத் தொடங்கினால் ஜென்சன், 465 எனில் ஆக்ஸ்ஃபோர்டு. 220632 என்றால் 6-ல் முடியும் ஆண்டின் 32-வது வாரம். 1956 ஆகவும் இருக்கலாம், 1966 ஆகவும் இருக்கலாம். மாடல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எண் இல்லையா? மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரை காட்டும். இது வாட்ஸைச் சொல்லாது. காயில் உயிருடன் இருப்பதை மட்டும் சொல்லும்.

பலர் மேக்னெட்டைத் தூக்கிப் பார்த்து வாட்ஸ் சொல்வார்கள். நானும் அப்படி நம்பி ஒரு ஸ்பீக்கரை 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தேன். இரண்டாவது பாட்டிலேயே கருகிய வாடை! கொடுக்கும் மின்சாரத்தில் 90 சதவீதத்திற்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது. அதைத் தாங்க வேண்டியது வாய்ஸ் காயில். எனவே காயிலின் விட்டத்தைப் பாருங்கள். காகித உருளையில் சுற்றிய பழைய காயில் 1 அங்குலம் எனில் 10 முதல் 15 வாட்ஸ், ஒன்றரை அங்குலம் எனில் 20 முதல் 25 என வைத்துக் கொள்ளலாம். இது மதிப்பீடுதான். செலஸ்டியன் ப்ளூ, கிரீன்பேக் இரண்டுக்கும் காயில் 1.75 அங்குலமே, ஆனால் முன்னது 15 வாட்ஸ், பின்னது 25 வாட்ஸ். சந்தேகம் இருந்தால் குறைந்த எண்ணையே எடுங்கள். நடுவில் உள்ள மூடி காயிலைவிடப் பெரிதாக இருக்கலாம், ஏமாற வேண்டாம்.

கடலூர் கடற்கரை ஊர். சிதம்பரமும் கடலுக்கு அதிக தூரமில்லை. உப்புக் காற்றில் மேக்னெட் இடைவெளிக்குள் துரு ஏறிவிடும். இரு கை விரல்களால் கோனை ஒரே சீராக மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் வாட்ஸ் கணக்கே வேண்டாம், ரீ-கோன் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். கிடார்காரர்கள் ஒலி கரகரக்கும் வரை வால்யூம் வைப்பார்கள். அப்போது 30 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் ஏறக்குறைய 60 வாட்ஸ் வரை தள்ளக்கூடும். எனவே ஸ்பீக்கரின் மதிப்பு ஆம்ப்ளிஃபையரைப்போல் இருமடங்கு இருப்பது நல்லது. இங்கே வாட்ஸ் என்பது ஆர்.எம்.எஸ். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்களே, அதை மறந்துவிடுங்கள். அதன் அடாப்டர் 12 வோல்ட், 1 ஆம்பியர் எனில் மொத்தமே 12 வாட்ஸ்தான்!

சோதித்துப் பார்க்க ஆடாசிட்டியில் 200 ஹெர்ட்ஸ் டோன் உருவாக்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட்ஸ். 8 ஓம்ஸில் 11 வோல்ட் என்றால் சுமார் 15 வாட்ஸ். சில விநாடிகள் போதும். வால்வு ஆம்ப்ளிஃபையர் எனில் ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கும், திறக்க வேண்டாம்.

ரீ-கோன் செய்யக் கொடுத்தால், கழற்றிய பழைய கோனைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். காயிலின் சரியான அளவு அதில்தான் இருக்கிறது.