பழம் என்னுஞ் சொல்லும் மலபரிபாகமும்

அஸ்தினாபுரத்தில் எமது இல்லத்தில் சிவஞானபோதம் பாடங் கேட்டுவரும் இளைஞர் ஒருவர், எட்டாஞ் சூத்திரம் நடக்குங்கால் ஓர் ஐயம் எழுப்பினார். "ஐயா, பழுத்தலாவது முதிர்ந்து நிறைதல் அன்றோ? மலபரிபாகம் என்பதற்கு மலம் பழுத்தல் என்று பொருளுரைப்பின், மலம் வலிபெற்றது என்றாகுமே. அத்தகையார்க்குக் குருவருள் வாய்ப்பது எங்ஙனம்?" என்றார். நூலுரை கொண்டே விடை கூறலாம். எனினும் ஐயம் பிறந்தது எளியதொரு தமிழ்ச் சொல்லிலாதலின், அச்சொல்லின் வழக்கை முதற்கண் ஆராய்தல் நன்றெனத் தோன்றிற்று.

பழம் என்பது பழு என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். அதனைப் பழமையோடு மயக்கி, நாட்பட்டதே பழம் என்பாரும் உளர். அது பொருந்தாது, என்னை? வெம்பிச் சுருங்கிய பிஞ்சும் நாட்பட்டதேயாயினும், அதனைப் பழம் என்பார் இலர். பிஞ்சிலே பழுத்தவன் என்பது வசை. திருநீறு துலங்கும் அடியாரைச் சிவப்பழம் என்பது வாழ்த்து. வினை ஒன்றே; உரிய பருவம் வாய்த்தமையும் வாயாமையுமே வேற்றுமை.

இனி, காய்க்கும் பழத்துக்கும் வேற்றுமை யாதெனின், சுவையும் நிறமும் யாவரும் கூறுவர். பிடிப்பு என்ற ஒன்றை மறந்துவிடுவர். காய் காம்பை இறுகப் பற்றி நிற்கும். வலிந்து பறித்தால் பால் வடியும். கனிந்ததோ கை பட்ட அளவிற் கழலும். பழுத்த இலை காற்றின்றியும் உதிரும். எம் தெருச் சிறார் பிணங்கினாற் காய் விடுவர். கூடினாற் பழம் விடுவர். இறுக்கமும் நெகிழ்ச்சியும் அவர் வழக்கிலும் அமைந்து கிடத்தல் காண்க. கட்டி பழுத்தது என்னும் வழக்கு இன்னும் அணித்து. நோய் வலுத்தது என்பதன்று அதன் பொருள்; சீழ் நீங்கும் பருவம் வந்தது, மருத்துவன் கத்தி வைக்கலாம் என்பதே. மலம் பழுத்தது என்பதும் அவ்வாறே, மறைக்கும் ஆற்றல் தளர்ந்து நீங்கும் பருவம் எய்திற்று என்பதாம்.

பாகம் என்னும் வடசொல் சமைத்தற்கும் கனிதற்கும் பொது. சோறு தானே வேவதில்லை, தீ வேண்டும். சடமாகிய மலமும் தானே பாகமுறாது. இறைவனது திரோதான சத்தி அதனைத் தொழிற்படுத்திப் பக்குவம் வருவிக்கும். பின்னர் அச்சத்தியே அருட்சத்தியாய்ப் பதிதல் சத்திநிபாதம்.

இவ்வளவிற் கேட்ட இளைஞர், "கழன்றபின் மலம் அழியுமோ?" என்றார். புளியம்பழத்தைக் காட்டினேம். பிஞ்சில் ஒட்டியிருந்த ஓடு, பழுத்தபின் உட்பழத்தைப் பற்றாது. ஆயினும் ஓடு ஓடாகவே உளது. மலமும் நித்தப்பொருள், தளர்வது அதன் சத்தியே.