கடற்கரை நகரின் கடைத்தெரு செழிப்பது எவ்வாறு?

கடலோர நகரங்களின் கடைத்தெருக்களைக் கண்டு வருவோர் சில ஊர்களில் கூட்டத்தையும் வேறு சில ஊர்களில் பூட்டிய கதவுகளையும் காண்கின்றனர். இரண்டு ஊர்களிலும் அதே கடல்தான், அதே காற்றுதான். அவ்வாறிருக்க, ஓர் ஊரை நாடி வணிகர்களும் வருகையாளர்களும் வருவதும், மற்றோர் ஊரை விட்டு அவர்கள் விலகிச் செல்வதும் ஏன்? கடைகள் இருந்தால் மக்கள் வருவார்களா? மக்கள் வந்தால் கடைகள் தோன்றுமா? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் தொலைநாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பெற்ற ஏற்றத்தாழ்வுகளே போதிய சான்றாகும்.

துறைமுகம் தந்த வாழ்வு

1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் வந்திறங்கிய பின்னர், துறைமுகத்தை ஒட்டி இந்நகர் எழுந்தது. சுங்க வரியில்லாத் துறைமுகம் என்பதால் பல நாட்டு வணிகர்கள் இங்கே குவிந்தனர். சீனர், தமிழர், மலாய்க்காரர், அரபியர், ஆர்மீனியர் எனப் பலரும் அருகருகே தெருக்களை அமைத்துக் கொண்டனர். கீழே கடை, மேலே வீடு என்ற அமைப்புடைய கடைவீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அவற்றின் முன்புறம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்க வகைசெய்யும் ஐந்தடி நடைபாதை அமைந்தது. நம் மக்கள் அதனை 'அஞ்சடி' என்றே வழங்கி வருகின்றனர்.

தமிழர்க்கும் இந்நகர்க்கும் உள்ள தொடர்பு ஆழமானது. இன்று லெபோ பசார் என வழங்கும் தெருவினைத் தமிழர்கள் 'கடைத்தெரு' என்றே அழைத்தனர். 1801ஆம் ஆண்டில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833ஆம் ஆண்டில் எழுந்த லெபோ குயின் மகா மாரியம்மன் கோயிலும் ஒன்றற்கொன்று சிறிது தொலைவிலேயே உள்ளன. 1926ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை நாகப்பட்டினத்திலிருந்து பயணிகளை ஏற்றிவந்த 'ராஜுலா' கப்பல் இத்துறையையும் தொட்டுச் சென்றது. தோட்டங்களில் உழைக்க வந்த நம் முன்னோருள் பலர் இந்நாட்டு மண்ணை முதன்முதல் மிதித்ததும் இங்கேதான். ஆகவே, இந்நகரின் கதை ஓரளவு நம் கதையும் ஆகும்.

ஒளி மங்கிய காலம்

துறைமுகத்தை நம்பி வாழ்ந்த நகர், துறைமுகத்தின் நிலை மாறியதும் தளர்வுற்றது. 1969ஆம் ஆண்டில் பினாங்கு சுங்க வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்குக் கப்பல்களின் பணி படிப்படியாக எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திற்குச் சென்றது. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தொழில் மண்டலம் தொடங்கியது. அதனால் பல்லாயிரவர்க்கு வேலை கிடைத்ததெனினும், அவ்வேலை பழைய நகருக்கு வெளியே கிடைத்தது. மக்களும் தொழிற்கூடங்களுக்கு அருகே எழுந்த புதிய குடியிருப்புகளை நாடினர்.

1985ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்ப் பெருநிலத்திலிருந்து வருவோர் அனைவரும் பெரியில் ஏறிப் பழைய நகரின் வாயிலிலேயே இறங்கினர். இறங்கியதும் கடைத்தெருவைக் கடந்தே சென்றனர். பாலம் வந்த பின்னர் அவர்களுள் பலர் நகர மையத்தைக் காணாமலே தாம் செல்லுமிடம் செல்லலாயினர். போக்குவரத்து எளிதாயிற்று, ஆயினும் கடைவாசலைக் கடந்து செல்லும் கால்கள் குறைந்தன. கடற்கரை நகர்கள் யாவும் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது. பாதை மாறினால் சந்தையும் மாறும்.

இதற்கிடையே 65 மாடிக் கொம்தார் கட்டடம் எழுந்து, வணிகத்தின் ஒரு பகுதியை ஒரே கூரையின்கீழ் ஈர்த்தது. பின்னர் 2001ஆம் ஆண்டில் கர்னி பிளாசாவும், 2006ஆம் ஆண்டில் குவீன்ஸ்பே பேரங்காடியும் திறக்கப்பட்டன. குளிரூட்டிய கடைகளும் கார் நிறுத்தும் வசதியும் அங்கே கிடைத்தன. பழைய தெருக்களில் இவ்விரண்டும் அரிது.

வாடகைக் கட்டுப்பாட்டின் இரு முகங்கள்

பழைய கடைவீடுகளின் நிலையைப் புரிந்துகொள்ள 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அறிதல் வேண்டும். 1948ஆம் ஆண்டு ஜனவரி இறுதிக்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயர்த்தாதவாறு அச்சட்டம் தடுத்தது. வாடகை மிகக் குறைவு என்பதால் உரிமையாளர்கள் பழுது பார்க்க முன்வரவில்லை. கூரைகள் ஒழுகின, சுவர்களில் செடிகள் முளைத்தன. ஆனால், அதே குறைந்த வாடகையே கூடை முடைவோர், விளக்குச் செய்வோர், பூத்தொடுப்போர், சிறு உணவுக் கடைக்காரர் போன்ற எளிய தொழிலாளர்களை நகரின் நடுவே வாழ வைத்தது.

1997ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு இறுதியோடு கட்டுப்பாடு முடிவுற்றது. வாடகை உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. காலியான கட்டடங்கள் சிலவற்றில், விலையுயர்ந்த கூடுகளுக்காகக் குருவிகளை வளர்க்கும் தொழில் புகுந்தது. ஆள் நடமாட்டமின்றி, அடைக்கப்பட்ட சன்னல்களின் பின்னிருந்து குருவியோசை மட்டும் கேட்கும் வீடுகளும் நகரில் இருந்தன.

மீண்டும் மக்களை அழைத்த முயற்சிகள்

இந்நிலையில் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. பல்லின மக்களின் வாழும் மரபு இங்கே நிலைத்திருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும். கட்டடங்கள் மட்டுமன்றி அவற்றுள் வாழும் மக்களும் அப்பெருமைக்கு உரியவர்கள் என்பதை நாம் இங்கே குறித்துக் கொள்ளுதல் வேண்டும்.

அதன் பின்னர் நிகழ்ந்த முயற்சிகள் பலவாகும். 2009ஆம் ஆண்டில் கசானா நேஷனல் நிறுவனத்தின் சார்பில் 'திங்க் சிட்டி' அமைப்புத் தொடங்கப்பட்டுப் பழைய கட்டடங்களைச் செப்பனிடச் சிறு மானியங்கள் வழங்கப்பட்டன. 2010ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் கலைவிழா தொடங்கியது. 2011ஆம் ஆண்டில் லெபோ பந்தாய் என்னும் கடற்கரைத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாகனங்களை நிறுத்தி, தெருவை நடப்போர்க்கும் சைக்கிள் ஓட்டுவோர்க்கும் திறந்துவிடும் வழக்கம் ஏற்பட்டது. பெரித்துறைக்கும் கொம்தாருக்கும் இடையே இலவசப் பேருந்து விடப்பட்டது. 2012ஆம் ஆண்டுக் கலைவிழாவின்போது லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் பழைய சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். லெபோ ஆர்மீனியனில் ஓர் உண்மையான சைக்கிளைச் சுவரோடு பொருத்தி, அதன்மேல் இரு குழந்தைகள் அமர்ந்திருப்பதாக அவர் வரைந்த ஓவியத்தைக் காணவே திரளானோர் வரத் தொடங்கினர். குருவிக்கூட்டுத் தொழிலை மரபுடைமை வட்டாரத்திலிருந்து 2013ஆம் ஆண்டு இறுதிக்குள் அகற்றவும் மாநில அரசு பணித்தது.

கடைக்காரர் போடும் கணக்கு

இம்முயற்சிகளால் கடைகள் எவ்வாறு திரும்பின? ஒரு கடைக்காரரின் கணக்கை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கடைவாசலை நாளொன்றுக்கு ஆயிரம் பேர் கடந்து செல்வதாக வைத்துக் கொள்வோம். அவர்களுள் நூறு பேர் நின்று பார்க்கின்றனர். இருபது பேர் பொருள் வாங்குகின்றனர். அந்த இருபது பேர் தரும் இலாபத்திலிருந்து வாடகை, மின்கட்டணம், பணியாளர் சம்பளம் ஆகியவற்றைக் கொடுத்த பின்னரும் சிறிது மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் கடை நிற்கும், இன்றேல் மூடப்படும்.

எனவே, கடைகளை ஈர்க்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கடந்து செல்வோரை மிகுதியாக்குதல். இதற்குப் பேருந்தும் கப்பல் துறையும் கார் நிறுத்துமிடமும் துணைபுரிகின்றன. இரண்டாவது, கடந்து செல்வோரை நிற்க வைத்தல். நிழலும் தூய்மையும் நல்ல விளக்கொளியும் கழிப்பறையும் பார்க்கத்தக்க ஒரு காட்சியும் இதற்கு வேண்டும். பொருள்களால் அடைக்கப்பட்ட அஞ்சடியில் எவரும் நின்று கடை பார்ப்பதில்லை. வெயிலில் இறங்கி விரைந்து சென்றுவிடுவர். மூன்றாவது, வாடகை வருவாயை மிஞ்சாமல் பார்த்துக் கொள்ளுதல்.

ஜார்ஜ் டவுன் முதல் இரண்டு வழிகளிலும் பெருவெற்றி கண்டது. சுவெட்டன்ஹம் துறையில் சுற்றுலாக் கப்பல்களிலிருந்து இறங்குவோர் சில நிமிடங்கள் நடந்தே பழைய நகருக்குள் நுழைந்துவிடலாம். பூட்டிக் கிடந்த கடைவீடுகள் காப்பிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் நினைவுப் பொருள் கடைகளாகவும் மாறின. மூன்றாவது வழியில்தான் சிக்கல் எழுந்தது.

வெற்றியின் மறுபக்கம்

வருகையாளர் பெருகியதும் வாடகையும் பெருகியது. விடுதிக்காரரால் கொடுக்க இயன்ற வாடகையைச் செருப்புத் தைப்பவராலோ மளிகைக் கடைக்காரராலோ கொடுக்க இயலவில்லை. மரபுடைமை வட்டாரத்தில் 2009ஆம் ஆண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் குடியிருந்தனர். 2013ஆம் ஆண்டில் நடந்த கணக்கெடுப்பில் அத்தொகை மேலும் குறைந்திருந்தது. கடைவீடுகளில் கடை மிஞ்சியது, வீடு மறைந்தது. வாழும் மரபைக் காணவென்று வருவோரின் வருகையே அம்மரபில் வாழ்வோரை வெளியேற்றுமானால், நாளை வருவோர் எதனைக் காண்பர்?

இக்கேள்விக்குக் காலமே ஒரு விடை தந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக நாட்டின் எல்லைகள் மூடப்பட்டன. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் அவை முழுமையாகத் திறந்தன. அந்த ஈராண்டில் வெளிநாட்டு வருகையாளரை மட்டுமே நம்பிய விடுதிகளும் கடைகளும் பெரும் துன்பத்துக்கு உள்ளாயின. அருகில் குடியிருப்போர்க்கு அரிசியும் காய்கறியும் மருந்தும் விற்ற கடைகளுக்கோ, நடமாட்டம் தடைபட்ட நாட்களிலும் வாங்குவோர் இருந்தனர்.

குட்டி இந்தியா காட்டும் வழி

லெபோ பசார், லெபோ குயின், லெபோ பினாங்கு ஆகிய தெருக்களை உள்ளடக்கிய 'குட்டி இந்தியா'வை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். இங்கே சுற்றுப்பயணிகள் நாள்தோறும் வருகின்றனர்; படம் எடுக்கின்றனர். ஆயினும், இக்கடைகள் அவர்களுக்கென்று அமைந்தவை அல்ல. சேலையும் மஞ்சளும் பூமாலையும் வெள்ளிப் பாத்திரமும் வாங்க, கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் நம் குடும்பங்கள் வருகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருமணத்திற்கும் இங்கே வந்தாக வேண்டும் என்னும் வழக்கம் இன்றும் உள்ளது. தைப்பூசத்தின்போது 1894ஆம் ஆண்டு முதல் வெள்ளி இரதம் இந்நகரின் தெருக்களில் வலம் வருகின்றது. விளம்பரத்திற்காக ஏற்படுத்திய விழா அன்று அது, பக்தர்களின் விழா. அதனாலேயே காண வருவோரும் பல்லாயிரவராக உள்ளனர்.

தமக்கென வாழும் ஒரு தெருவைத்தான் பிறர் காண விரும்புகின்றனர் என்பதே இதன் பொருள். உள்ளூரார்க்குப் பயன்படும் கடை, வெளியூரார்க்குக் காட்சியாகவும் அமையும். வெளியூரார்க்கெனவே வைக்கப்படும் கடை உள்ளூரார்க்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை.

மற்ற ஊர்கள் பின்பற்றத் தக்கவை

போர்ட்டிக்சன், லூமுட், கோலக் கெடா போன்ற கடலோர ஊர்களுக்கும் இவ்வனுபவம் பயன்படும். அவற்றுள் முதன்மையானவற்றை இங்கே தொகுத்துக் கூறுவோம்.

1. மக்கள் வந்திறங்கும் இடமும் கடைத்தெருவும் நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும். புதிய சாலையோ பாலமோ அமைக்கும்போது பழைய தெருவிற்கு வழி என்ன என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

2. நடைபாதை நடப்பதற்கே உரியது. நிழல், வடிகால், விளக்கு, கழிப்பறை ஆகியவை ஓவியங்களுக்கும் அலங்கார வளைவுகளுக்கும் முன்னரே அமைய வேண்டியவை.

3. காலியான கட்டடத்தை முழுதும் புதுப்பிக்கும் வரை காத்திராமல், சிறு மானியம் தந்து கூரையையும் முகப்பையும் செப்பனிடலாம். ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவும் திறக்கும்.

4. ஒரே வகைக் கடைகள் ஒரு தெருவை நிறைக்க விடலாகாது. பத்துக் காப்பிக் கடைகளுக்கு நடுவே ஒரு மருந்துக் கடையும் ஒரு தையற்கடையும் நிலைத்திருக்க வழி காணுதல் வேண்டும்.

5. கடைகளின் மேல்மாடிகளில் குடும்பங்கள் வாழ்தல் வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பின்னர் விளக்கெரியும் வீடுகளே ஒரு தெருவுக்குக் காவலாகும்.

இவற்றுள் ஐந்தாவதே கடினமானது. ஓவியம் தீட்ட ஒரு வாரம் போதும். விழா நடத்த ஒரு மாதம் போதும். சென்றுவிட்ட குடும்பத்தைத் திரும்ப அழைக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே, உள்ளவர்களை இழக்காமல் காப்பதே சிறந்த முதலீடாகும்.

நம் பங்கு

நகர மையத்தைக் காப்பது நகராண்மைக் கழகத்தின் வேலை மட்டுமே என நாம் எண்ணிவிடலாகாது. தோட்டங்களிலும் தோட்டங்களைவிட்டுப் பெயர்ந்த குடியிருப்புகளிலும் வாழும் நாம், பண்டிகைக்கோ குடும்பச் சுற்றுலாவுக்கோ கடற்கரை நகருக்குச் செல்கையில் எங்கே பொருள் வாங்குகின்றோம் என்பதும் கணக்கில் சேரும். பழைய தெருவின் சிறு கடையில் நாம் கொடுக்கும் பத்து வெள்ளி, அக்கடைக்காரரின் வாடகைக்கு உதவுகின்றது. முறுக்கு, ஊறுகாய், பூமாலை, தையல் எனக் கைத்தொழில் அறிந்த நம் மகளிரும் இளைஞரும் இத்தகைய தெருக்களில் சிறு வணிகம் தொடங்கவும் எண்ணிப் பார்த்தல் நன்று. முதலில் அத்தெருவில் ஒரு நாள் முழுதும் இருந்து, கடந்து செல்வோர் எத்தனை பேர், நிற்போர் எத்தனை பேர், வாங்குவோர் எத்தனை பேர் என்று எண்ணி, பின்னர் வாடகையைப் பேசுதல் அறிவுடைமையாகும்.

கடலைப் பார்க்க வருவோர் ஒரு முறை வருவர். அங்கு வாழும் மக்களின் உணவையும் தொழிலையும் விழாவையும் நாடி வருவோரே மீண்டும் மீண்டும் வருவர். ஆதலால், வருகையாளரை வரவேற்க விரும்பும் ஊர் முதலில் தன் மக்களைத் தன்னிடமே இருத்திக்கொள்ளட்டும்.