இரண்டு ஆசிரியர், நான்கு புதுப் புத்தகம்

சமச்சீர்க் கல்வி 2011-இல் நீதிமன்றப் படியேறியது. அது புத்தகம் வராமல் வகுப்புகள் காத்திருந்த ஆண்டு. 2019-இல் நடந்தது இதற்கு நேரெதிர். புதிய பாடத்திட்டத்தை மூன்று ஆண்டுகளில் கொண்டுவருவதாகத்தான் முதலில் ஏற்பாடு: 2018-இல் 1, 6, 9, 11; மறு ஆண்டு 2, 7, 10, 12; மூன்றாம் ஆண்டு மிச்சமிருந்த 3, 4, 5, 8. பிறகு கடைசித் தவணையை ஓராண்டு முன்னுக்கு இழுத்து, எல்லாவற்றையும் 2019-லேயே முடித்தார்கள். கோட்டையிலிருந்து பார்த்தால் இது சாதனை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துச் சின்னத் தொடக்கப்பள்ளியிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆக, அந்த இருவர் 2018-இல் ஒரே ஒரு வகுப்புக்குப் புதுப் பாடம் நடத்தினார்கள். மறு ஜூனில் நான்கு வகுப்புக்கு, அதுவும் பருவத்துக்கொரு புத்தகமாக. பயிற்சிக்கு ஒருவர் போனால் மற்றவர் கையில் ஐந்து வகுப்பும். மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இருப்பதோ பரமக்குடிப் பக்கம் மஞ்சூரில். ராமேஸ்வரம் தீவிலிருந்து போய்வருவதற்கே பொழுது சாய்ந்துவிடும்.

இந்தச் சுமை மேலிடத்துக்கு ஏன் தெரியவில்லை? இந்தப் பள்ளிகள் இருக்கும் ராமநாதபுரம் மாவட்டம் 2018-இல் நிதி ஆயோக்கின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தது. மதிப்பீட்டில் கல்விக்கு 30 சதவீதம். பள்ளி திறந்து ஒரு மாதத்துக்குள் பாடநூல் கொடுத்தாயிற்றா, ஆசிரியர்-மாணவர் விகிதம் சரியா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். நான் சொன்ன ஈராசிரியர் பள்ளி இரண்டு கேள்வியிலும் தேறிவிடும்! கற்றல் அடைவையும் அளக்கிறார்களே என்றால், உண்மைதான். ஆனால் மதிப்பெண் சரிந்தால் அது எதனால் என்று அந்தக் கட்டம் சொல்லாது.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு நெருக்கிய நேரத்தில் நிதானம் பேசலாமா என்று கேட்கலாம். மேல்நிலை வகுப்புகளுக்கு அது சரியான வாதம். அங்கே பாடத்திட்டம் பத்தாண்டுக்கு மேல் பழசாகிக் கிடந்தது. மூன்றாம் வகுப்புக்கு என்ன அவசரம்? இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: சின்னப் பள்ளிக்காகக் காத்திருந்தால் ராமேஸ்வரத்துப் பிள்ளை சென்னைப் பிள்ளைக்குப் பின்தங்காதா? பின்தங்கும். அதனால் தேதியைத் தள்ளச் சொல்லவில்லை. தேதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். ஆள்பலத்தை மட்டும் சிறிய பள்ளியிலிருந்து கணக்கிட வேண்டும். மாற்றம் நடக்கும் இரண்டு ஆண்டுக்காவது வட்டார வள மையத்திலிருந்து ஒருவர் அங்கே வகுப்பெடுக்க வேண்டும். படிவம் வாங்கிப் போக வருவதில் பயனில்லை. புத்தகத்தில் அச்சிட்ட க்யூஆர் கோடு இந்த ஆளுக்கு ஈடாகாது. ஒரே அறையில் மூன்று வகுப்பை மேய்ப்பவருக்கு அதைத் திறந்து காட்ட ஏது நேரம்?

ஓர் ஆசிரியர் பல வகுப்பை மேய்ப்பது அரசுக்குத் தெரியாததல்ல. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தது. ஓர் ஆசிரியர் பல வகுப்பைச் சேர்த்து நடத்துவார் என்பதை ஒப்புக்கொண்டே போட்ட திட்டம் அது. 4, 5 வகுப்புகளை உடனே சேர்க்காமல் அடுத்த கல்வியாண்டு வரை பொறுத்ததும் கவனிக்கத் தக்கது.