குஞ்சுக் கொட்டகையில் தொங்கும் குண்டு பல்பு

சென்ற மார்கழியில், நம் அறக்கட்டளையின் சிறுதொழில் உதவியில் நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கிய ஒரு சகோதரியின் கொட்டகை பின்னிரவில் எரிந்துபோனது. அல்ஹம்துலில்லாஹ், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐம்பது குஞ்சுகளும் கீற்றுக் கூரையும் போயின. ஒயர் அறுந்து உமியில் விழுந்த ஒரு நூறு வாட் பல்புதான் காரணம். குஞ்சும் தீவனமும் கொடுத்த நாங்கள், விளக்கை எப்படிக் கட்டுவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறைக்காகவே இதை எழுதுகிறோம்.

பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தாய்க்கோழி இல்லாத இடத்தில் முதல் வாரம் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது வழக்கமான கணக்கு.

குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. குஞ்சுக்கு அது உதவுவதும் அதனால்தான், கொட்டகைக்கு ஆபத்தாவதும் அதனால்தான். எரிகிற நூறு வாட் பல்பின் கண்ணாடி கொதிநீரைவிடச் சூடாக இருக்கும். காற்றில் தொங்கும்வரை அந்தச் சூடு கலைந்துவிடும். உமியில் பாதி புதைந்தால் சூடு வெளியேற வழியில்லை, ஏறிக்கொண்டே போகும். உமி சட்டென்று கொழுந்துவிடாது. உள்ளுக்குள் கனன்று, வீட்டார் தூங்கிய பிறகு சாக்கைப் பிடிக்கும், கீற்றைப் பிடிக்கும். நம் பக்கத்தில் கொட்டகை ஓரமே முந்திரி விறகும் முந்திரிக்கொட்டை ஓடும் குவித்து வைப்பது வழக்கம். அந்த ஓட்டில் உள்ள எண்ணெயில் தீப்பற்றினால் லேசில் அணையாது. கீற்று எவ்வளவு அவகாசம் தரும் என்பதை 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் பார்த்தோம். 94 குழந்தைகள் போனார்கள்.

“மெயினில் டிரிப்பர் இருக்கிறதே, அதுவே அணைத்துவிடாதா?” என்று கேட்கிறார்கள். அணைக்காது. உமியில் கிடக்கும் பல்பு வழக்கமான மின்சாரத்தைத்தான் இழுக்கிறது; ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் டிரிப்பர் விழும். அதற்குள் கூரை பிடித்திருக்கும்.

உறங்கும் முன் விளக்கை அணைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும், எலி திரியை இழுத்துப்போய் வீட்டைக் கொளுத்திவிடக்கூடும் என்று காரணம் காட்டியதும் நாம் அறிந்ததே. குஞ்சு விளக்கையோ இரவில்தான் எரியவிட வேண்டியிருக்கிறது. எலியும் இருக்கிறது, திரிக்குப் பதில் ஒயரைக் கடிக்கிறது. ஆகவே கட்டும்போதே கவனமாகக் கட்ட வேண்டும்.

பல்பை அதன் ஒயரிலேயே தொங்கவிடாதீர்கள். சங்கிலி அல்லது கட்டுக்கம்பியால், இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். உமிக்கும் பல்புக்கும் ஒன்றரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். பல்பைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு போட்டால், விழுந்தாலும் கண்ணாடி உமியைத் தொடாது. பிளாஸ்டிக் ஹோல்டர் நாளடைவில் சூட்டில் இளகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் சரி. ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு கொட்டகைக்குள் இருக்கவே கூடாது. குளிருக்குச் சாக்கு கட்டுகிறவர்கள் பல்பின் பக்கம் கட்டாதீர்கள். சிலந்தி வலையையும் இறகுத் தூசியையும் வாரம் ஒருமுறை, சுவிட்சை அணைத்து, பல்பு ஆறியபின் துடையுங்கள்.

சூடு போதுமா என்று குஞ்சுகளே சொல்லும். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது. விலகி நின்று வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். சித்திரை வெயிலில் நம்மூரில் பகலில் பல்பே தேவைப்படாது.

எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. வெளிச்சம் வரும், குஞ்சு குளிரில் சாகும். அதற்காக மூடிய கொட்டகைக்குள் கரி அடுப்பு வைப்பது இன்னும் மோசம். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், காவலுக்குப் படுத்திருப்பவரையும் கொல்லும். வீட்டுக்குள் நாற்று வளர்க்க ஊதா நிற எல்.இ.டி. விளக்கு வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: அதன் முதுகுப் பக்கம் சூடாகும், அதன் மேல் துணியோ அட்டையோ போட்டு மூடாதீர்கள்.

தீப்பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகுதான் தண்ணீர். 101-க்குச் சொல்லிவிடுங்கள். குஞ்சைக் காப்பாற்ற எரியும் கொட்டகைக்குள் நுழைய வேண்டாம். குஞ்சு மீண்டும் வாங்கித் தரலாம்.

அடுத்த முறை குஞ்சோடு பீங்கான் ஹோல்டரும் கம்பிக் கூண்டும் சேர்த்தே தருவோம், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே வாங்கியவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.