திராட்சையில் மேற்படிப்பு: பந்தலடியில் தொடங்க வேண்டிய பாடம்

தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள அனுமந்தன்பட்டி வட்டாரத்தில் பன்னீர் திராட்சை முக்கியமான தோட்டப் பயிர். பிள்ளைகளைத் தோட்டக்கலைக் கல்லூரிக்கு அனுப்பிய விவசாயக் குடும்பங்களில் இன்று ஒரு கேள்வி எழுகிறது. பட்டம் பெற்ற பிறகு திராட்சை சாகுபடியும் ஒயின் தயாரிப்பும் மேற்படிப்பாகப் படிக்கலாமா? செய்யும் செலவுக்கு அது பலன் தருமா?

படிப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பொறுத்தே பலன் அமையும். திராட்சைப் படிப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. கொடியை வளர்த்துப் பழம் எடுப்பது ஒன்று; பழச்சாற்றை நொதிக்க வைத்து ஒயின் தயாரிப்பது மற்றொன்று. முதல் பகுதியில் தேர்ச்சி இல்லாமல் இரண்டாவது பகுதி கைகூடாது.

போர்டோ கலவை தரும் பாடம்

திராட்சை விவசாயிகள் அனைவரும் அறிந்த போர்டோ கலவை, பிரான்சு நாட்டில் ஒயினுக்குப் பெயர் பெற்ற போர்டோ நகரின் பெயரைக் கொண்டது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் மில்லார்டே. 1882ம் ஆண்டு அடிச்சாம்பல் நோயால் அப்பகுதித் தோட்டங்களில் இலைகள் உதிர்ந்து கிடந்தன. பாதையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பசுமையாக இருந்ததை அவர் கண்டார். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, தோட்டக்காரர்கள் அக்கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். மில்லார்டே, வேதியியல் அறிஞர் கேயோனுடன் சேர்ந்து இதைச் சோதித்து, 1885ல் முடிவை வெளியிட்டார்.

மருந்துக்கு வழி காட்டியது விவசாயியின் பழக்கம். அதை அளவோடு சோதித்து எல்லோருக்கும் பயன்படச் செய்தது படிப்பு. இவ்விரண்டும் சேரும் இடத்தில் கிடைக்கும் கல்வியே பயனுள்ளது.

நம் பருவம் வேறு

பிரான்சு போன்ற குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலம் முழுவதும் உறங்கும். ஆண்டுக்கு ஒரு அறுவடைதான். கம்பம் பள்ளத்தாக்கில் கொடிக்கு அத்தகைய உறக்கம் இல்லை. கவாத்துக் கத்திரியே பருவத்தை நிர்ணயிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு அறுவடை அல்லது இரண்டு ஆண்டுகளில் ஐந்து அறுவடை எடுக்க முடிகிறது. ஆகவே, வெளிநாட்டுப் பாடநூல்களில் உள்ள மாத அட்டவணை இங்கு அப்படியே பொருந்தாது.

கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வருகிறது. பழுக்கும் தருணத்தில் மழை பெய்தால் மெல்லிய தோல் கொண்ட பன்னீர் திராட்சை வெடித்து அழுகி விடும். எந்தத் தேதியில் கவாத்து செய்தால் மழைக்குத் தப்பலாம், எத்தனையாவது கண்ணில் குலைக்கரு உள்ளது, உவர் நிலத்தில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால் என்ன பலன் என்பவை இப்பகுதிக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய ஆய்வுகள். கவாத்துக்கு முன்பே கிளையின் கண்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்து, குலை வருமா என்று கண்டறியும் பயிற்சி மேற்படிப்பில் பெறக்கூடிய திறமையாகும்.

பன்னீர் திராட்சையில் ஒயின்

பன்னீர் திராட்சையின் அறிவியல் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததாகச் சொல்லப்படுகிறது. 2023ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இது முதன்மையாக உண்ணும் பழம். நல்ல மணம் இருந்தாலும் சர்க்கரைச் சத்து ஒயினுக்கு வேண்டிய அளவை எளிதில் எட்டுவதில்லை. சாற்றில் சர்க்கரை 22 பிரிக்ஸ் இருந்தால் நொதித்தபின் சுமார் 12 சதவீத ஆல்கஹால் உண்டாகும். 18 பிரிக்ஸ் என்றால் சுமார் 10 சதவீதமே.

எனவே, சந்தையில் விலை விழும்போது மிஞ்சிய பழத்தையெல்லாம் ஒயினாக்கி விடலாம் என்று எண்ணுவது சரியல்ல. அழுகல் பழமும் அரைப் பழமும் நல்ல ஒயின் தரா. அறுவடையை ஒட்டி நனையும் கந்தகம் தெளித்தால், நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் உண்டாகலாம். ஒயினின் தரத்தில் பெரும்பகுதி பந்தலிலேயே முடிவாகி விடுகிறது. மேலும், உரிமம் பெறாமல் ஒயின் தயாரிப்பதும் விற்பதும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதை மறக்கக் கூடாது.

எங்கே படிக்கலாம்?

தோட்டக்கலை அல்லது வேளாண்மை இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பழ அறிவியல் முதுநிலைப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுதலாம். படிப்பு இரண்டு ஆண்டுகள். ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். இப்பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி தேனி மாவட்டத்திலேயே பெரியகுளத்தில் உள்ளது. ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 1997ல் தொடங்கப்பட்ட தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் புனே அருகே மாஞ்சரியில் இயங்குகிறது.

ஒயின் தொழிலில் வேலை தேடுவோர் மகாராஷ்டிரத்தையும் கர்நாடகத்தையும் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரம் 2001லும் கர்நாடகம் 2007லும் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தன. கலிபோர்னியாவின் டேவிஸ், பிரான்சின் மான்பெல்லியே, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு ஆகிய இடங்களில் இரு பகுதிகளையும் சேர்த்தே கற்பிக்கின்றனர். ஆனால், செலவு மிக அதிகம். உதவித்தொகை உறுதியாகாமல் நிலத்தை அடகு வைத்து அனுப்புவது உசிதமல்ல.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. கல்லூரிக்குச் சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் உள்ளதா?

2. கவாத்து முதல் அறுவடை வரை ஒரு முழுப் பருவம் மாணவர் தம் கையால் வேலை செய்ய வாய்ப்பு உண்டா?

3. சாற்றின் சர்க்கரை, புளிப்பு ஆகியவற்றை அளக்க ஆய்வுக்கூட வசதி உள்ளதா?

4. ஆய்வேட்டுக்குச் சொந்த ஊர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா?

இவற்றுக்கு "ஆம்" என்ற பதில் கிடைத்தால் படிப்பில் சேர்க்கலாம்.

பிள்ளை படிக்கச் செல்லும் முன்பே பெற்றோர் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. கவாத்து செய்த தேதி, பூத்த தேதி, மழை பெய்த நாட்கள், மருந்து தெளித்த விவரம், அறுவடை எடை, விற்ற விலை ஆகியவற்றை ஒரு நோட்டில் தவறாமல் எழுதி வர வேண்டும். ஐந்தாறு அறுவடைக்கான இத்தகைய கணக்கு, ஆய்வு மாணவருக்கு விலை கொடுத்தாலும் கிடைக்காத ஆதாரம். அது மகனுக்கோ மகளுக்கோ பயன்படும். அடுத்த கவாத்துக்கு நாள் குறிக்க விவசாயிக்கும் பயன்படும்.